அத்தானின் ஒரிஜினல் இன்ஜின்

என் அக்கா கணவருக்குப் பழைய கார் சங்கத்தில் 'ஒரிஜினல்' என்று பெயர். இரண்டே பேர் உட்காரக்கூடிய, ஐம்பது வயது தாண்டிய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். சங்கத்தின் வருஷப் போட்டியில் எது அசல், எது போலி என்று தீர்ப்புச் சொல்கிறவரும் அவரே. போன வருஷம் ஒரு பல் டாக்டரின் காரை, விளக்கில் நான்கு திருகு புதுசு என்று தள்ளிவைத்தார். "பொய்ப்பல் கட்டுறவருக்கு அசலோட அருமை எங்க தெரியும்?" என்று மைக்கில் வேறு கேட்டார்.

இந்த வருஷம் அவர் இன்ஜினே ஜாம் ஆகிவிட்டது. சொந்தக் கார் ஓடாவிட்டால் தீர்ப்பு நாற்காலி பல் டாக்டருக்குப் போய்விடும்.

என்னையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். "ஜப்பான் இன்ஜின் ஒண்ணு இருக்கு சார்," என்றார் மெக்கானிக்.

"இதோட உடம்புக்கு அதெல்லாம் ஒத்துக்காதுய்யா. ஒரிஜினல் எதுவோ அதையே தேடு."

"அப்ப பழசோட நம்பர் வேணும்."

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போட்டுத் தேய்த்ததில், கிரீஸுக்கு அடியிலிருந்து நம்பர் வந்தது. மெக்கானிக் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடினார். இன்னொரு முறையும் தேடினார்.

"சார், இது ரொட்டி வேன் இன்ஜின்."

"கார்ல எப்படிய்யா வேன் இன்ஜின்?"

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. உங்களுக்கு முன்னாடி யாரோ மாத்தியிருக்காங்க."

இருபது வருஷமாக விருந்தாளிகளைக் கண் மூடச் சொல்லி, "சிங்கம், கேளுங்க" என்று அத்தான் உறுமவிட்டது ரொட்டி வேனை. டீ அப்புறம்தான் வரும் என்பதால் யாரும் மறுத்ததில்லை.

"அப்ப நிஜமானது எப்படித்தான் இருக்கும்?" என்றார் அத்தான். பயத்தை மீறிக்கொண்டு ஆசை வந்துவிட்டது.

மெக்கானிக்கிடம் அந்தக் காருக்கே உரிய அசல் இன்ஜின் ஒன்று ஸ்டாண்டில் இருந்தது. கிளப்பினார். மெல்லிய குரலில், பிசிறில்லாமல் ஓடியது. அத்தான் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா சத்தம் மாறிடுச்சே. போலின்னு அந்தப் பல்லு சொல்லுவானே."

"சொல்லுவார். அவருக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதானே அத்தான்."

அத்தான் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு நடை நடந்தார்.

"ரொட்டி வேன் இன்ஜின் இன்னொண்ணு கிடைக்குமாய்யா?"

"பின்னாடி நாலு கிடக்கு சார்."

"அதையே போடு. நம்பர் இருக்கிற பக்கத்த மட்டும் பின்னால திருப்பி வச்சிரு."

"இன்ஜினத் திருப்பி வச்சா நாலு கியரும் ரிவர்ஸ்தான் சார்."

அத்தான் அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார்.