உடுவிலில் ஒரு செத்தவீடு

மானிப்பாயில் கசிப்புச் சாராயம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஊருக்குப் புதியவனுக்கும் இரண்டு பேர் வழி சொல்வார்கள். மூன்றாமவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டே போய் விடுவார். குடியை விட்டவர்கள் கூடும் இடம் எங்கே என்று கேட்டால்தான் ஒருவருக்கும் தெரியாது. டொக்டர் என் ஈரலை அமத்திப் பார்த்துவிட்டு, "புதன் பின்னேரம் நாலு மணி. உடுவிலிலை, வாசிகசாலைக்குப் பின் ஒழுங்கையிலை ஒரு வீடு. போனால் தெரியும்" என்றார். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லவில்லை. யார் வருகிறார்கள் என்பதையும் அங்குள்ளவர்கள் வெளியே சொல்லமாட்டார்களாம். நான் குடித்துவிட்டு விழுந்து கிடந்தது நடுச் சந்தையில். திருந்துவதற்கு மட்டும் இரகசியம்.

அந்த இரகசியம் எனக்கு உதவாது. என் மனைவி ஸ்ரெல்லா மகளையும் கூட்டிக்கொண்டு அச்சுவேலியில் தமக்கை வீட்டுக்குப் போய் இரண்டு மாதம். வருகிற ஞாயிறு மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் நாள். போன கிழமை அங்கே போய், குடியை விடப்போகிறேன், ஒரு கூட்டத்துக்கும் போகப்போகிறேன் என்றேன். அவள் படலையைத் திறக்கவில்லை.

"உங்கடை வாயாலை நாப்பது தரம் கேட்டிட்டன். கண்ணாலை கண்ட ஆராவது வந்து சொல்லட்டும். இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கம் வராதேங்கோ. பிள்ளை வெக்கப்படும்."

அவளுக்கு வேண்டியது சாட்சி. டொக்டர் என்னை அனுப்புவது சாட்சி சொல்லாதவர்களிடம். நல்ல பொருத்தம்.

புதன்கிழமை நான் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கக்கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, சைக்கிளில் புறப்பட்டேன். சந்தியில் கனிசியஸ் அண்ணை நின்றார். இளைப்பாறிய தபால்காரர். சண்டையால் பாதை பூட்டி, கப்பல் வந்தால்தான் கடிதம் என்றாகிவிட்ட இந்தக் காலத்தில் ஊர்ச் செய்தி முழுவதையும் வாயாலேயே பட்டுவாடா செய்கிறவர்.

"நீக்கிலாப்பிள்ளை, உந்த வேட்டியோடை எங்கை?"

எங்கே, ஏன், எப்போது திரும்புவாய் என்ற மூன்றுக்கும் பதில் சொல்லாமல் எங்கள் சந்தியை எவனும் தாண்டியதில்லை. "உடுவிலிலை ஒரு செத்தவீடு" என்றேன்.

மூளை இருந்தால் கலியாணவீடு என்று சொல்லியிருப்பேன். கலியாணவீட்டுக்கு அழைப்பு வேண்டும். செத்தவீட்டுக்கு ஒன்றும் வேண்டாம்.

"அட கடவுளே! நில், நானும் வாறன். முகம் காட்டாட்டி நாளைக்கு என்ன கதைப்பினம்?"

வழியெல்லாம் விசாரணை. "ஆர் செத்தது?" தெரிஞ்ச ஒருத்தர் என்றேன். "என்ன வருத்தம்?" குடி என்றேன். "பாவம், குடும்பம் இருக்கோ?" இருக்கு என்றேன். அவர் உச்சுக்கொட்டியபோது எனக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

ஒழுங்கைக்குள் எந்த வீடு என்று நான் திணற, அவர்தான் கண்டுபிடித்தார். வேலியோரம் எட்டுச் சைக்கிள். மாமரத்தின் கீழ் கதிரைகளில் தலை குனிந்த ஆண்கள்.

"அந்தா, அதுதான். பந்தலும் இல்லை, சத்தமும் இல்லை. அமெரிக்கன் மிசன்காரர், அடக்கமாத்தான் அழுவினம்" என்றபடி உள்ளே நடந்தார்.

வீட்டுக்காரர் எட்வேர்ட் மாஸ்டர் எங்கள் இருவருக்கும் வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தார். கனிசியஸ் அண்ணை அவர் கையைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்தார்.

"எப்ப நடந்தது, மாஸ்டர்?"

"விட்டுப் பதினொரு வருசம். ஒவ்வொரு நாளாத்தான் போகுது."

அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது ஒருவர் எழும்பி, "நான் இராசசிங்கம், குடிகாரன்" என்றார். மற்றவர்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். கனிசியஸ் அண்ணை தேத்தண்ணியைப் பார்த்தார். கதிரைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டேய், இஞ்சை ஆரடா செத்தது?"

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். பொய் சொல்வதில் நான் வல்லவன். அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை. எழும்பினேன்.

"ஒருத்தரும் சாகேல்லை, அண்ணை. நான் நீக்கிலாப்பிள்ளை, குடிகாரன். சாகாமல் இருக்கத்தான் வந்தனான்."

எழும்பின வேகத்தில் தேத்தண்ணி வேட்டியில் சிந்தியிருந்தது. வெட்கம் தாங்கவில்லை. நான் இருந்து நிமிர்ந்தபோது அண்ணையின் கதிரை வெறுமையாக இருந்தது. செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்ற வழக்கத்தை மனுசன் அங்கேயும் விடவில்லை.

மாஸ்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வெளியாளை விசாரிக்காமல் இருத்தியது தன் பிழையாம். அடுத்த மூன்று நாளும் சங்கக்கடை வரிசையில் ஒரு வாய் மிச்சமில்லாமல் குசுகுசுத்தது. கனிசியஸைக் கண்டால் கழுத்தை நெரிப்பது என்றிருந்தேன். ஆனால் குடிக்கவில்லை.

ஞாயிறு காலை, வருவது வரட்டும் என்று அச்சுவேலிக் கோயில் மதிலோரம் போய் நின்றேன். ஸ்ரெல்லா கண்டுவிட்டு வந்தாள். முதலில் என் வாயை மணந்து பார்த்தாள்.

"வியாழன் விடியவே கனிசியஸ் அண்ணை வந்திட்டார்" என்றாள். "அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி. செத்தவீடெண்டு பொய் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போனனீங்களாம். அந்தப் பொய்யைக் கேட்டாப்பிறகுதான் நம்பினன். பொய்யில்லாத கதையெண்டால் அது வேறை ஆரோ மனுசன்."

சிரிக்க வெளிக்கிட்டு அழுதுவிட்டேன்.

"வாற புதனும் போவியளோ?"

"ஓம்."

"அப்ப ஆர் செத்ததெண்டு சொல்லப்போறியள்?"

"குடிகாரர் கூட்டத்துக்குப் போறன் எண்டு சொல்லுறன்."

அவள் மகளின் மெழுகுதிரியை என்னிடம் நீட்டினாள்.

"நடுங்காமல் பிடியுங்கோ."

நடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.