பல்லுக்கு ஒரு ஏர்பிரஷ்

பல் டாக்டருக்கு மாமனாரைக் கண்டால் பயம் என்று சொல்லிவிட முடியாது. மரியாதைதான், கொஞ்சம் தள்ளி நின்று கொடுக்கிற மரியாதை. மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உத்தியோகத்துக்குத்தானே ஒழிய, சோதித்துப் பார்க்கிற பழக்கத்துக்கு இல்லை. இன்றைக்கும் ஒரு சோப்பு வாங்கினால் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, "குறையுற மாதிரி இருக்கே" என்பார். கடைக்காரர் முகம் மாறினால் அவருக்கு அன்றைய பொழுது நல்லபடியாகப் போகும்.

மகளுக்கு வரன் தேடிய காலத்தில் அவர் ஒரு நல்ல இடத்தை வேண்டாம் என்று உதறிய கதை குடும்பத்தில் பிரசித்தம். பையன் வீட்டுக் கூடத்தில் பெரிய மீன்தொட்டி இருந்தது. "மீனுக்குத் தீனி போட்டு, தண்ணி மாத்தி, இதுக்கே அவனுக்குப் பொழுது சரியாப் போயிடும். என் பொண்ணை எப்பப் பார்ப்பான்?" என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இதைக் கல்யாணத்துக்கு முன்பே கேள்விப்பட்ட டாக்டர், தான் பாகம் பாகமாக ஒட்டிச் செய்து வைத்திருந்த குட்டி பிளாஸ்டிக் விமானங்களை எல்லாம் பெட்டியில் அடுக்கி, கிளினிக்கில் இருந்த பழைய எக்ஸ்ரே அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டினார். மனைவிக்குத் தெரியும். "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா வீட்டுல பஞ்சாயத்தாயிடும்" என்று அவளும் அவ்வப்போது சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சொல்கிறேன், சொல்கிறேன் என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

இதுவரை விமானங்களுக்குச் சாதாரணத் தூரிகையால்தான் வண்ணம் பூசிவந்தார். எவ்வளவு மெல்லப் பூசினாலும் இறக்கையில் தூரிகைக் கோடு விழும். காற்றோடு சேர்த்து வண்ணத்தைப் பனி மாதிரித் தூவும் ஏர்பிரஷ் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போன் செய்தார். "காத்து அடிக்கிற கம்ப்ரசர் கிளினிக்லயே இருக்கு. ஊசி எவ்வளவு மெல்லிசுன்னு மட்டும் பார்க்கணும்" என்று அவர் சொல்லி முடித்துத் திரும்பினால், பின்னால் மாமனார் நிற்கிறார். முந்தின நாள்தான் மகளைப் பார்க்க வந்திருந்தார்.

"கிளினிக்குக்குச் சாமான் வாங்கப் போறீங்களா மாப்பிள்ளை? நானும் வர்றேன். உங்களைத் தனியா விட்டா எதையாவது தலையில கட்டிடுவாங்க."

பொய் என்று ஒரு வார்த்தைகூட டாக்டர் சொல்லவில்லை, செருப்பைத்தான் மாட்டினார்.

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நகத்தோரமெல்லாம் நீலமும் பச்சையுமாக இருந்த ஒரு பெண்மணி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் மாமனாரின் முதுகுக்குப் பின்னால் கண்ணைக் காட்டினார், புருவத்தை உயர்த்தினார், தலையை ஆட்டினார். அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏர்பிரஷ்ஷுக்குப் போன் பண்ணினது நீங்கதானே? எதுக்கு சார் வேணும்?"

"பல்லுக்கு" என்றார் மாமனார்.

"பல்லுக்கா?" அந்தம்மா டாக்டரைப் பார்த்தார். "கேக் போடறவங்க வாங்குவாங்க. மேக்கப் போடறவங்க வாங்குவாங்க. பல்லுக்கு யாரும் வாங்கினதில்லையே."

"இவர் டாக்டர்" என்றார் மாமனார், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல்.

அந்தம்மா மூன்று ஏர்பிரஷ்களை எடுத்து ஒரு துணிமேல் வைத்தார். பேனா அளவுதான் ஒவ்வொன்றும். மேலே ஒரு குட்டிக் கிண்ணம். அதில்தான் வண்ணம் ஊற்ற வேண்டும். பொத்தானை அழுத்தினால் காற்று வரும், அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் வண்ணம் வரும். டாக்டரின் கண் நேரே இருப்பதிலேயே மெல்லிய ஊசி உள்ளதன்மேல் போய் நின்றது. பல நாளாக மனதில் குடியிருந்தது அதுதான்.

"பாயிண்ட் டூ மில்லிமீட்டர் ஊசி சார். மயிரிழை மாதிரி கோடு போடலாம்" என்றார் அந்தம்மா. "என்ன கலர் அடிப்பீங்க?"

"பல்லுக்கு வேற என்ன கலர், வெள்ளைதான்" என்றார் மாமனார்.

"வெள்ளைன்னா இது சரிப்படாது. வெள்ளைப் பெயிண்ட் கொஞ்சம் கெட்டியா இருக்கும். அடைச்சுக்கும்." அந்தம்மா டாக்டர் ஆசைப்பட்டதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மாமனார் அடுத்ததைத் தூக்கிப் பார்த்தார். "இந்தக் கிண்ணம் ஏன் மேல இருக்கு? வாய்க்குள்ள விட்டா அண்ணத்துல இடிக்காதா?"

"கீழ பாட்டில் தொங்குற மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா அது பெரிய வேலைக்கு. சுவர்ல படம் போடறவங்க வாங்குவாங்க."

"அதைக் காட்டுங்க. பெரிய வாய்க்காரங்களும் வருவாங்கதானே."

பாட்டில் தொங்குகிற ஏர்பிரஷ் வந்தது. அதன் ஊசியால் ஒரு கதவுக்கே வண்ணம் அடிக்கலாம் போல இருந்தது. மாமனாருக்கு அது கையில் கனமாக உட்கார்ந்ததில் பரம திருப்தி. "இதான் சாமான். பில்லு போடுங்கம்மா."

பில் புத்தகம் திறந்தது. உள்ளங்கை நீளமே உள்ள தன் விமானத்தின்மேல் இந்தப் பீரங்கி வண்ணம் கக்குவதை டாக்டர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"மாமா, இது பல்லுக்கு இல்ல."

"பின்ன?"

"விமானத்துக்கு. சின்ன விமானம். நான் ஒட்டி வச்சிருக்கேன், எக்ஸ்ரே ரூம்ல. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அந்த மீன்தொட்டி விஷயம் கேள்விப்பட்டேன், அதான் சொல்லல" என்று தரையைப் பார்த்தார்.

பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். மாமனாரின் காது சிவந்தது.

"அப்ப நான் இவ்வளவு நேரம் கேட்ட கேள்வியெல்லாம் வீணா?"

"மன்னிச்சுக்குங்க மாமா."

"வாய்க்குள்ள போற சாமான்னு நினைச்சு எவ்வளவு யோசிச்சுக் கேட்டேன். முதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரிக் கேட்டிருப்பேன்ல." அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, எல்லாத்தையும் திரும்ப வெளியில எடுங்க. முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். விமானம் எவ்வளவு பெரிசு மாப்பிள்ளை?"

விமானம் எவ்வளவு பெரிது, எத்தனை வண்ணம், எந்த வண்ணத்துக்கு அடுத்து எது, கழுவ எவ்வளவு நேரம் என்று விசாரணை புதிதாகத் தொடங்கியது. டாக்டர் தயங்கித் தயங்கிப் பதில் சொல்ல ஆரம்பித்தவர், சற்று நேரத்தில் கையை விரித்து இறக்கை வளைவைக் காட்டிக்கொண்டிருந்தார். பாயிண்ட் டூ மறுபடி துணிக்கு வந்தது. அவர் கை தானாக அதை நோக்கிப் போயிற்று.

"புதுசா பழகறவங்களுக்கு அது அடிக்கடி அடைக்கும் சார். கழட்டித் துடைச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார் அந்தம்மா. "நடுவுல இருக்கே, பாயிண்ட் த்ரீ, அதுல மெல்லிசாவும் வரும், இறக்கை பூராவும் அடிக்கலாம்."

"வாரத்துல எவ்வளவு நேரம் இந்த வேலை பார்ப்பீங்க?" என்றார் மாமனார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும். ரெண்டு மணி நேரம் கிடைச்சாப் பெரிசு."

"அதுல பாதி துடைக்கவே போனா?"

டாக்டர் பாயிண்ட் டூவை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். நடுவில் இருந்ததில் அந்தம்மா கொஞ்சம் வண்ணம் ஊற்றி, கடைக் கம்ப்ரசரில் மாட்டிக் கொடுக்க, டாக்டர் அதை வாங்கி, காகிதத்தின்மேல் பொத்தானை அழுத்தி மெதுவாக இழுத்தார். சாம்பல் நிறம் மூச்சு விட்டாற்போல் படர்ந்தது. கோடு இல்லை, திட்டு இல்லை. பல் துளைக்கிற கருவியைப் பிடிப்பதுபோலவே அது விரல்களுக்கிடையில் அடங்கியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தம்மா கேட்காமலே பில் எழுதினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மாமனார், "கிளினிக் சாவி பையிலதானே இருக்கு?" என்றார்.

எக்ஸ்ரே அறையில் பெட்டிகளைத் திறந்ததும் அவர் குனிந்து ஒவ்வொரு விமானமாகப் பார்த்தார். பாராட்டவில்லை. ஆனால் எதையும் தூக்கி எடை பார்க்கவும் இல்லை. ஜன்னலைத் திறந்து, முகமூடி மாட்டி, குழாயைக் கம்ப்ரசரில் பொருத்தி டாக்டர் ஓர் இறக்கைக்கு வண்ணம் அடித்தார். அடித்து முடிக்கும்வரை மாமனார் மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

"உடைஞ்சது கிடைஞ்சது ஏதாவது இருந்தா எனக்கு ஒண்ணு குடுங்க" என்றார் பிறகு.

வால் ஒடிந்த ஒன்றைக் கொடுத்தார் டாக்டர். மாமனார் பொத்தானைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். பச்சை வண்ணம் பொத்தென்று விழுந்து, சிலந்திக்கால் மாதிரி நாலாபக்கமும் ஓடி, அவர் சட்டைக் கைக்கும் தாவியது.

"மழையில மாட்டிக்கிட்ட விமானம்" என்றார் அசராமல்.

டாக்டர் சிரித்துவிட்டார். மாமனார் முன்னால் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்து மேசைமேல் போன் அடித்தது. மனைவிதான். டாக்டரின் இரண்டு கையிலும் வண்ணம். மாமனார் போனை எடுத்து, கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

"நீ சாப்பிடும்மா. நாங்க வர நேரமாகும். இன்னும் அடிவயிறு முழுக்க பாக்கி இருக்கு."

"யாருக்குப்பா அடிவயிறு?" என்று அவள் பதறுவது டாக்டருக்கும் கேட்டது. அதற்குள் மாமனார் போனை வைத்துவிட்டு விமானத்தை வயிறு மேலே தெரியக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.