தனித்தனியாகக் கேட்டவள்

கேள்வி கேட்க வருகிறவர்களைக் கண்டாலே சென்றாயனுக்கு ஆகாது. மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டு ஊர்களுக்குக் கேள்வியோடு வந்தவன் எவனும் பதிலோடு திரும்பி வந்ததில்லை என்பது அவர் கண்ட உண்மை. முள்ளுக்குறிச்சியிலிருந்து ஹேமலதா என்ற பெண் வந்தாள். மலைக் குடும்பங்களில் யார் என்ன வேலை செய்கிறார்கள், நோவு வந்தால் யாரிடம் சொல்கிறார்கள் என்று கேட்டு சமூகவியல் ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னாள். அவர் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய மண்கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தார்.

"கேளு. எனக்கும் எம்பொண்டாட்டிக்கும் சேத்து நானே சொல்லிப்புடறேன்."

"இல்லீங்க பெரியப்பா. உங்களைத் தனியாக் கேப்பேன், பெரியம்மாவைத் தனியாக் கேப்பேன். அதுதான் முறைங்க."

"ஏன், நான் பக்கத்துல இருந்தா அவ வாயில ஈ பூந்துருமா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா ஒருத்தர்தானுங்க பேசறாங்க. இன்னொருத்தர் தலையாட்டறாங்க. தலையாட்டறதை நான் எப்படிங்க எழுதறது?"

அடுப்படியில் ருக்குமணி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று சென்றாயனுக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலில் அவருடைய முறை. ருக்குமணி தண்ணீருக்குப் போய்விட்டாள். உழவு, மிளகு, நெல் என்று எல்லாவற்றுக்கும் வெடுக்கென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், "மனசுக்குக் கஷ்டம்னா பெரியம்மாகிட்டச் சொல்லுவீங்களா?" என்று ஹேமலதா கேட்ட இடத்தில் நின்றுவிட்டார். அந்தப் பெண்ணோ அவசரப்படவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படிக் காத்திருந்ததுதான் அவர் வாயைத் திறந்துவிட்டது.

கொஞ்ச காலமாக ருக்குமணி காட்டுக்கு வருவதில்லை. சுமை தூக்கச் சொன்னால் சீறுகிறாள். படுக்கையைத் தனியே போட்டுக்கொண்டாள். தான் செய்த தப்பு என்னவென்று கேட்கவும் பயம். கேட்கப்போய், திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால்?

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. "இதை அவகிட்டச் சொன்னே, இந்த ஊருக்குள்ள கால் வைக்க முடியாது, பாத்துக்க."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க."

அடுத்து ருக்குமணியின் முறை. இருவரும் கொல்லையில் உட்கார்ந்ததும் சென்றாயன் மூங்கில் ஏணியை எடுத்துவந்து, அவர்கள் தலைக்கு மேலிருந்த மரத்தில் சாத்தி ஏறினார். மிளகுக் கொடியைப் பார்க்கிறாராம்.

ருக்குமணி அண்ணாந்து பார்த்தாள். "காயே புடிக்கலை, அங்க என்னத்தைப் பறிக்கறீங்க?"

"புடிச்சிருக்குதான்னுதான் பாக்கறேன்!"

ஹேமலதா ருக்குமணியின் கையைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்புக்கு நடந்துவிட்டாள். ஏணியின் மேலிருந்து பார்த்தால் இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன. வெகுநேரம் பேசினார்கள். ருக்குமணி முந்தானையால் கண்ணைத் துடைப்பது தெரிந்ததும் சென்றாயன் ஏணியை விட்டு இறங்கிவிட்டார்.

ஹேமலதா பஸ்ஸுக்குப் போகும்போது ரோட்டில் மறித்துக்கொண்டார்.

"எம்பொண்டாட்டி என்ன சொன்னா?"

"சொல்ல மாட்டேனுங்க."

"நான் அவ புருசன்."

"அவங்களும் நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டாங்க. சொன்னேனாங்க?"

"அப்பிடின்னா இனிமே இங்க ஒரு ஊட்டுலயும் உன்னைப் பேச உடமாட்டேன். உம்படிப்பு என்னாகுதுன்னு பாக்கலாம்."

அவள் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "உடாட்டிப் போகட்டுமுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், இதையேதான் அவங்ககிட்டயும் சொன்னேன். என்கிட்டச் சொன்னதை நீங்களே அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. தள்ளிப் போடாதீங்க."

பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். தன் படிப்பு போனாலும் வாய் திறக்காதவள், அவர் சொன்னதையும் எங்கேயும் கொட்டமாட்டாள் என்பது மெள்ளப் புரிந்தது. அப்படிப்பட்டவள் தள்ளிப்போடாதே என்கிறாள் என்றால் சும்மா இருக்காது.

வீட்டுக்குப் போய், ருக்குமணியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "எம்மேல என்ன கோவம் உனக்கு?"

"கோவமா? உங்க மேலயா?" ருக்குமணி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். அதன்பிறகு அவளும் சொன்னாள். கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. மூட்டையைத் தூக்கினால் உயிர் போகிறது, குத்தவைத்து உட்கார முடியவில்லை. "பொம்பளை நோவை எப்பிடிச் சொல்றது? அருவருத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

"அட கூறுகெட்டவளே," என்றார் சென்றாயன். மறுநாள் முதல் பஸ்ஸில் அவளை மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஆபரேசன் முடிந்து ருக்குமணி படுத்திருந்தபோது, அவளே போன் போட்டுச் சொன்னதால் ஹேமலதா பார்க்க வந்தாள். சென்றாயன் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துண்டால் தட்டிப் போட்டார். வாழ்நாளில் அப்படி யாருக்கும் அவர் செய்ததில்லை.

"உக்காரு கண்ணு. உம்படிப்புல எங்களைப் பத்தி எழுதுவயா?"

"எழுதுவேனுங்க. பேரு போட மாட்டேன்."

"ஏன் போடமாட்டே? போடு! சென்றாயன், அரியூர் நாடுன்னு கொட்டை எழுத்துல போடு. தனியாக் கேட்டதாலதான் எம்பொண்டாட்டி பொழச்சான்னு போடு."

"முறை இல்லீங்க பெரியப்பா."

"உனக்கு எது கேட்டாலும் முறை! நன்னி சொல்றதுக்கு ஒரு முறை இருந்தா அதையாச்சும் சொல்லித்தொலை."

படுக்கையிலிருந்து ருக்குமணி மெதுவாகக் கையை நீட்டி ஹேமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு பேரை வேணும்னா போட்டுக்க சாமி. எம்பேரைப் போட்டுறாதே."