எஞ்சினில் நின்றபடி வாங்கிய வீடு

எங்கள் வீட்டுக்காரர் அந்த வீட்டை ரயில் எஞ்சினில் நின்றபடியேதான் பார்த்து முடித்தார். சொன்னால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

அவர் கூட்ஸ் வண்டி டிரைவர். ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் குடித்தனம். ரிடையர் ஆனால் அதைக் காலி செய்ய வேண்டும், சொந்தமாகத் தலைக்குமேல் ஒரு ஓடுகூடக் கிடையாது என்று நான் ஓயாமல் அவர் காதில் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை குட்டி இருந்தாலாவது அங்கே போய் ஒண்டிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஆம்பூருக்கு இந்தப் பக்கம், லைனை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. இவர் வண்டி வந்தால் போதும், ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் கொல்லைக்கு ஓடிவந்து கையாட்டுவார்களாம். இவர் விசில் கொடுப்பாராம். வருஷக்கணக்காக இந்தக் கூத்து. சோற்றில் கை வைத்தால் இதே பேச்சு.

"சின்னக் குட்டிக்கு இன்னைக்கு மொட்டை அடிச்சுட்டாங்க தேவகி."

"பெரியவன் வேலி மேல ஏறி நிக்கிறான், விழுந்து வெப்பான் பாரு."

யார் பெற்ற பிள்ளைகளோ, பெயர்கூடத் தெரியாது! எனக்குச் சில நாள் பற்றிக்கொண்டு வரும். சில நாள் நானே, "மொட்டை இன்னா பண்ணுச்சு இன்னைக்கு?" என்று கேட்டுத் தொலைப்பேன்.

அந்த வீடு விலைக்கு வருகிறது என்று கலீமுல்லா சாயபு வந்து சொன்னார். அவர் தோல் தரகர். நடுவில் வீடு நிலமும் முடித்துக் கொடுப்பார். பத்திரம் வேலூரில் இருக்கும் காசிநாதன் என்பவர் பெயரில் இருக்கிறதாம், ஆளைக் காலி பண்ணிக் கொடுப்பது அவர் பொறுப்பாம். எங்கள் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல்.

"ஒரு தபா நேர்ல வந்து பாத்துடுங்க டிரைவர் சார்," என்றார் சாயபு. "ஒரு ஆட்டுத்தோலு எடுக்கறதுன்னாலே ரெண்டு பக்கமும் பெரட்டிப் பாக்குறவங்க நாங்க."

"போக வர அதத்தானே சாயபு பாக்குறேன்? ஜோலார்பேட்டைல எந்த வூட்டயாவது நான் அப்படி பாத்திருப்பனா? சிரிச்ச மொகமா இருக்குற வூடு அது."

வீடா சிரித்தது? அப்போது எனக்கும் அது உறைக்கவில்லை. "அந்தப் புள்ளைங்க எங்க போவும்?" என்று மட்டும் கேட்டேன்.

"வாடகைக்கு இருக்கறவங்களா இருக்கும். வேற வூடு பாத்துக்குவாங்க. நமக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?" என்றார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை. நான் மேலே கிளறவில்லை. வீட்டு ஆசை யாரை விட்டது?

வெள்ளைக்கார ஃபோர்மன் லீவு தரவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு இவர் சார்பில் சாயபுவே போய் முடித்துவிட்டார். கடைசி டூட்டியன்றும் அந்தப் பிள்ளைகள் கையாட்டினார்களாம். எனக்குச் சுருக்கென்றது. "இன்னும் காலி பண்ணலியா?" என்றேன். "வாரத்துல போயிடுவாங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரமும் கழிந்து, பாத்திரம் பண்டத்தோடு ஆம்பூரில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தோம். வீட்டு முன்பக்கத்துக்கு வந்ததும் குடலைப் புரட்டியது. எதிரே தோல் பதனிடுகிற ஷாப்பு. சுண்ணாம்பும் பச்சைத்தோலும் ஊறுகிற நாற்றம். கரிப்புகையில் நின்ற மனுஷனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? நன்றாக நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கதவு திறந்தது.

"யம்மோவ்! விசில் தாத்தா!"

தலை முடி இப்போதுதான் முளைத்திருந்த ஒரு குட்டி ஓடிவந்து இவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. பின்னாலேயே அந்தப் பெண். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாங்க சாமி, வாங்க! அம்மாவையும் இட்டுகினு வந்தீங்களா? உங்களக் கூப்ட்டு ஒரு நாளு சோறு போடணும்னு எத்தினி நாளா நெனச்சுகினு கீறேன்!" என்றாள். பெயர் எல்லம்மாவாம். பாய் விரித்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். இவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே தவிர, குடிக்கவில்லை.

அவள் வண்டியை எட்டிப் பார்த்தாள். "எங்கியாச்சும் ஊருக்குப் போறீங்களா? மூட்டையெல்லாம் கீதே?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவி மனுஷன், அதையும் என் தலையில் கட்டினார்.

"காசிநாதன்னு ஒருத்தர் உங்கிட்ட ஒண்ணும் சொல்லலியாம்மா? அவருகிட்டேருந்து இந்த வூட்ட நாங்க வாங்கிட்டோம்."

காசிநாதன் அவள் புருஷனுக்கு அண்ணன். புருஷன் எதிர் ஷாப்பில் வேலை பார்த்துச் செத்துப்போனவன். மாமனார் கட்டிய வீடு, பத்திரம் மூத்தவன் பெயரில். "பிள்ளைகள் ஆளாகிறவரைக்கும் இரு" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான் விற்றிருக்கிறான். அவள் இதை அழாமல்தான் சொன்னாள். பிறகு என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்தாள்.

"அவரு எங்களக் கண்ணெடுத்தும் பாக்காதவரு. நீங்க எங்களப் பாத்துகினேவா வாங்கினீங்க?"

இவர் சொம்பை அப்படியே கீழே வைத்தார்.

"உங்கள யாரும்மா போகச் சொன்னாங்க? இங்கியே ஒரு பக்கமா இருங்க. புள்ளைங்களும் எங்களோட இருக்கட்டும்," என்றேன். மனசறிந்துதான் சொன்னேன். இவரும், "வாடகைகூட வேணாம்மா," என்றார்.

"எங்க மாமனார் கட்டின வூட்ல எங்கள ஒண்டிக்கச் சொல்றீங்களா?"

கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் உள்ளே போய் மூட்டை கட்டினாள். காவேரிப்பாக்கத்தில் அவளுக்கு அம்மா வீடு, ரயிலேறித்தான் போக வேண்டும். பெரிய பையன் எங்களை ஏறிட்டும் பார்க்காமல் பானைகளைத் தூக்கி வந்தான். எங்கள் சாமானை இறக்கிய வண்டியிலேயே அவர்கள் சாமான் ஏறியது.

சின்னது மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. அது ரயிலில் போனதே இல்லையாம். வண்டியில் உட்கார்ந்தபடி இவரைக் கேட்டது: "தாத்தா, எங்க ரயில நீங்கதான ஓட்டுவீங்க?"

"ஆமாண்டா கண்ணு," என்றார் இவர்.

வண்டி ஷாப்புப் பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்டேஷனில் அந்தக் குட்டி எஞ்சினண்டை ஓடிப்போய் எட்டி எட்டிப் பார்க்குமே. இதை நான் இவரிடம் சொல்லவில்லை.