துண்டுக்குள் ஒரு ஷாட்

கை வரையத் தெரியாமலேயே அனிமேஷன் பட்டப்படிப்பில் ஐந்து செமஸ்டர் வரை போய்விடலாம். ஆறாவதில்தான் சிக்கல். அதுவும் வீரமணி சார் துறைத்தலைவராக இருந்தால்.

முதல் செமஸ்டரில் நான் வரைந்த ஆள் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டிருந்தான். "நிதானமான ஆளுப்பா" என்று சொல்லி சார் மார்க் போட்டார். அடுத்து ஒரு போலீஸ்காரர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பிறகு வத்தல்மலைக் குளிரில் போர்வைக்குள் முடங்கிய ஒருவர். நான்காவதில் பாம்பு. ஐந்தாவதில் ஒரு ஆள் நடப்பதை வரையச் சொன்னார்கள்; நடக்கும்போது கை ஆடும் என்பதால் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் தலையில் புல்லுக்கட்டு சுமந்து போகும் பெண்ணை வரைந்தேன். கைகள் புல்லுக்குள் போய்விட்டன. சார் அந்தப் புல்லை வெகுநேரம் பார்த்தார். நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன். மார்க் வந்தது. இரண்டு நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

நான் கை வரைந்தால் வாழைச்சீப்பு வரும். கவனமாக வரைந்தால் நல்ல வாழைச்சீப்பு வரும். பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்காரும் கோகிலவாணி கடத்தூர்க்காரி. அவள் வரையும் கைகளுக்கு ரேகை பார்த்து ஜோசியமே சொல்லலாம்.

"டேய் மாது, உன் படத்துல வர்றவங்கல்லாம் எப்பிடிடா சோறு திங்கறாங்க?"

"ஸ்பூன்ல."

"அந்த ஸ்பூன எதால புடிக்கறாங்க?"

இந்த மாதிரி நுட்பமான கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அரியர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மூன்று வருஷம் முன்பே அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். "கார்ட்டூன் படிக்கறியா, படி. ஒரு பேப்பர் நின்னுச்சுன்னாலும் ஓசூர் பஸ்ஸுதான்." ஓசூர் பஸ் என்பது வெறும் பஸ் அல்ல. கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வெள்ளை பஸ். காரிமங்கலம் பக்கத்துப் பையன்களை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நெடுஞ்சாலையில் வாரிக்கொண்டு போகும். ஏறியவர்கள் சம்பளம், பைக், கல்யாணம் என்று நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் யாரும் மறுபடி படம் வரைந்து நான் பார்த்ததில்லை. அப்பா சொன்ன சொல் மாறாதவர். அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

ஆறாவது செமஸ்டருக்கு நான்கு நிமிஷப் படம் ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டும். அதற்கான கதை எனக்குக் காரிமங்கலம் சந்தையில் கிடைத்தது. அங்கே மாட்டின் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு தரகர்கள் கை கோர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்து, அழுத்தி, விட்டு, மறுபடி பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்குத் துண்டு ஆடுவது மட்டும்தான் தெரியும். கை வரையத் தெரியாத ஒருவன் இந்த ஜில்லாவில் பிறப்பான் என்று முன்கூட்டியே தெரிந்து யாரோ செய்துவைத்த ஏற்பாடு போலிருந்தது.

படத்துக்கு 'பேரம்' என்று பெயர் வைத்தேன். இரண்டு தரகர்கள், ஒரு கிடேரிக் கன்று, ஒரு துண்டு. துண்டின் மடிப்பை மட்டும் ஒரு மாதம் வரைந்தேன்.

வெளியாள் வந்து படம் பார்த்து மார்க் போடும் ஜூரிக்கு முந்தைய ரிவ்யூவில் வீரமணி சார் படத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"மாதவராஜ், துண்டு நல்லா ஆடுது."

"தேங்க்ஸ் சார்."

"உள்ள என்ன நடக்குது?"

"பேரம் சார்."

"அது தெரியுது. எனக்கு உள்ள பாக்கணும். துண்டுக்குள்ள ஒரு ஷாட். க்ளோஸ்-அப். அது இல்லாம ஜூரிக்கு வராத."

"சார், அது கதைக்குத் தேவையா..."

"பேன்ட் பாக்கெட்டு. போலீஸ்காரரு. போர்வை. பாம்பு. புல்லுக்கட்டு." சார் ஒன்றுகூட மறக்கவில்லை. "மூணு வருஷமா உன் கையத் தேடிக்கிட்டு இருக்கறேன் தம்பி."

வகுப்பு சிரித்தது. கோகிலவாணி கைதட்டினாள், வரைந்து வைத்தது போன்ற கைகளால்.

அவளிடமே போய் நின்றேன். "நீயே போட்டுக் குடேன்."

"போடறேன். ஆனா என் கைய சாரு தூரத்துல இருந்தே கண்டுபுடிச்சுருவாரு. ரெண்டு பேரும் சேந்து ஓசூர் போலாமா?"

என் கையையே வீடியோ எடுத்து அதன் மேலேயே வரைந்து பார்த்தேன். வாழைச்சீப்புதான் வந்தது. இந்த முறை அது அசைந்தது.

மிச்சமிருந்தவர் என் மாமா தீர்த்தகிரி. அம்மாவுக்குத் தம்பி, சந்தையில் தரகர். சந்தை நாளன்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வேறொரு தரகரோடு துண்டுக்குள் கைவிட்டிருந்தார். நான் குனிந்து போனைத் துண்டுக்குக் கீழே கொண்டுபோனதும், இரண்டு பேரும் பாம்பைக் கண்டதுபோல் கையை உருவிக்கொண்டார்கள்.

"யார்றா இவன்? யூடியூப்புக்காரனா?" என்றார் அந்தத் தரகர்.

"எங்கக்கா மவன்" என்றார் மாமா, வேறு வழியில்லாமல். பிறகு என்னை ஒரு எருமைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "ஏன்டா மாப்ள, உங்கப்பன் ஏடிஎம்ல நம்பரு அமுக்கறப்ப குனிஞ்சு வீடியோ எடுப்பியா?"

"படிப்புக்குங்க மாமா."

"கையப் பாக்கறதுக்கு ஒரு படிப்பா? வூட்டுக்குப் போடா."

ஆனாலும் மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"பாக்கறதெல்லாம் முடியாது. தொழிலு. வேணும்னா கையக் குடு."

கொடுத்தேன். துண்டை மேலே போட்டார். உள்ளே சூடாக இருந்தது. அவர் விரல்கள் என் விரல்களைத் தேடி வந்தன. இரண்டைச் சேர்த்துப் பிடித்து விட்டார். உள்ளங்கையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக நாலு அழுத்து அழுத்தினார். கடைசி அழுத்து நீளமாக இருந்தது, ஒரு மாடு திரும்பிப் பார்க்கும் நேரம். நான் துண்டைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், தமக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லாதது போல.

"இது போன வாரம் வித்த கெடேரியோட வெல. யாருகிட்டயும் சொல்லாத."

"எவ்வளவுங்க மாமா?"

"அதான் இப்ப சொன்னனே!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எங்கே பிடித்தார், எவ்வளவு அழுத்தினார், எப்போது விட்டார் என்பதெல்லாம் சாயங்காலம் வரைக்கும் கையில் அப்படியே இருந்தது. மறுநாள் லேபில் உட்கார்ந்து, தெரிந்ததை மட்டும் வரைந்தேன். திரை முழுக்க இருட்டு. அழுத்திய இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு எழும்பும், பரவும், மங்கும். அடுத்த இடத்தில் அடுத்தது.

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"கை எங்கடா?"

"இருட்டுல இருக்குது."

"சாரு உன்னக் கொன்னுருவாரு."

"துண்டுக்குள்ள லைட்டா போட்டு வச்சிருப்பாங்க?"

அவள் மறுபடி ஒருமுறை ஓடவிட்டாள். தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியவில்லை. "கடைசி அமுக்கு ரொம்ப இழுக்குது. வெட்டிரு" என்றாள். லேப் கம்ப்யூட்டர் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு அழுத்து குறைந்தால், வரைந்ததை அது வீடியோவாக மாற்றும் ரெண்டர் வேலை சீக்கிரம் முடியும். வெட்டினேன். படம் வேகம் பிடித்தது.

ஜூரி நாளன்று வீட்டிலிருந்து ஆள் வரலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குத் தக்காளி லோடு ஏற்றும் வேலை. தம் சார்பில் மாமாவை அனுப்பிவைத்தார். "பாஸா, பஸ்ஸா, ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பியதாக மாமாவே என்னிடம் சொன்னார். சலவை வேட்டி, தோளில் அதே துண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏசிக் காற்றைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பல்கலைக்கழகம் அனுப்பிய எக்ஸ்டர்னல் மேடம் பெங்களூரில் ஸ்டுடியோ நடத்துபவர். அதுவரை எட்டுப் படம் பார்த்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். கோகிலவாணியின் படத்தில் ஒரு பெண் பூக்கட்டினாள், பத்து விரலும் வேலை செய்தன. அதற்கு அடுத்து என் படம்.

சந்தை வந்தது. கிடேரி வந்தது. துண்டு விழுந்தது. பிறகு திரை கறுத்தது.

வெள்ளைத் திட்டுகள் எழும்பத் தொடங்கின. முன்வரிசையில் வீரமணி சாரின் நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும்: பாக்கெட், போலீஸ், போர்வை, பாம்பு, புல், இப்போது இருட்டு. சார் ரிமோட்டைத் தேடினார். என் கண்முன் வெள்ளை பஸ் கதவைத் திறந்துகொண்டு நின்றது.

"யோவ், வுடாத!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "அது பத்தாது!"

அரங்கம் மொத்தமும் திரும்பியது. மாமா எழுந்து நின்றுகொண்டிருந்தார். திரையைப் பார்த்துக் கையை நீட்டி, "நாலு அமுக்கனன்ல நானு! எவன்யா அத மூணாக் கொறச்சது? அந்தக் கெடேரி பல்லப் பாத்தியா நீயி?" என்றார்.

திரையிலிருந்த தரகர்கள் பதில் சொல்லவில்லை. விலை முடிந்து துண்டு விலகியது. மாமாவுக்கு அப்போதுதான் தாம் சந்தையில் இல்லை என்பது உறைத்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். எக்ஸ்டர்னல் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஐயா, அதுல உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

"வெலைங்க மேடம்."

"வெறும் இருட்டும் வெள்ளைப் புள்ளியும்தானே இருந்துச்சு?"

"எங்களுக்கு எப்பவும் இருட்டுதானுங்களே. துண்டுக்குள்ள யாரு பாக்கறா?"

"சரி, என்ன விலை?"

"அத மட்டும் கேக்காதீங்க" என்றார் மாமா, வணக்கம் வைத்து.

மேடம் என்னைப் பார்த்தார். "நீ எதைப் பார்த்து இதைப் பண்ணினே?"

"பாக்கலைங்க மேடம். பாக்க வுடலை. கையில பட்டத வரைஞ்சேன்."

வீரமணி சார் ரிமோட்டைக் கீழே வைத்தார். "நாலை ஏன் மூணாக்கினே?"

"ரெண்டர் ஆக நேரமாச்சு சார்."

"நேரமாச்சுன்னு மாட்டக் கம்மிக்கு வித்துட்டியாடா?" என்று பின்னாலிருந்து மாமா குமுறினார். அதன் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோகிலவாணி மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

மேடம் அந்த ஷாட்டை மட்டும் மறுபடி போடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. மூன்றாம் முறை பார்க்கும்போது அவர் கை மடியில் மெல்ல மூடித் திறந்தது. சாரின் காதில் ஏதோ சொன்னார். சார் தலையாட்டினார்.

"அந்தக் கடைசி அழுத்தைத் திரும்பப் போட்டுக் கொண்டுவந்து கொடு" என்றார் மேடம். "பாவம், மாட்டுக்காரருக்கு நஷ்டம் வேண்டாம். மத்தபடி ஓகே."

"ஓகேன்னா மேடம்?"

"பாஸ்டா" என்றார் வீரமணி சார். "போய் உக்காரு."

உட்கார்ந்தேன். நாற்காலி இருந்த இடத்தில்தான் உட்கார்ந்தேனா என்று நிச்சயமில்லை. மூன்று வருஷமாக வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மோட்டாரை யாரோ அணைத்ததுபோல் இருந்தது. கோகிலவாணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். முழுவதையும் குடித்துவிட்டுத்தான் அது அவளுடையது என்று கவனித்தேன்.

வெளியே போகும்போது சார் என்னை நிறுத்தினார். "சர்டிபிகேட் வாங்க வர்றப்ப ஒரு கை வரைஞ்சு எடுத்துட்டு வா. ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் காட்ட மாட்டேன்."

"சரிங்க சார்" என்றேன். அந்த நேரத்தில் யானையை வரையச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன். யானை எனக்கு வரும். தும்பிக்கைக்கு விரல் கிடையாது.

சாயங்காலம் நானும் மாமாவும் கல்லூரிக்கு எதிரே காரிமங்கலம் பஸ்ஸுக்கு நின்றோம். மாமா போனில் அப்பாவிடம் பேசினார். "பாஸுதானுங்க மச்சான். ஆமாங்க. படம் நல்லாத்தான் இருந்துச்சு, வெலதான் கொஞ்சம் முன்ன பின்ன." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மறுபடி போடறப்ப நாலாவது அமுக்கு சரியா வருதான்னு பாத்துக்க மாப்ள. சந்தையில எவனாச்சும் பாத்தா எம் பேரு கெட்டுரும்."

"சரிங்க மாமா."

தர்மபுரிப் பக்கமிருந்து நைட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அந்த வெள்ளை பஸ் வந்தது. எங்களைப் பார்த்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தார். கையை நீட்டினால்தான் நிற்கும்.

நான் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.