திரையில் ஒரு புள்ளியாக என் கணவர்

1

இந்தக் கதை ஒரு எரிச்சலில் பிறந்தது. கண்ணிவெடி தேடும் கப்பல் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். விழாவில் ஒரு அதிகாரி அதன் பணி வரலாற்றை மைக்கில் வாசித்தார். "போருக்குப் பின் துறைமுக வாசலைச் சுத்தம் செய்தது" என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்த வரிக்குள்தான் என் அண்ணனும் என் கணவரும் இருந்தார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அமைதியாக இருந்தது. ஆனால் அதன் அடியில்...'

வேண்டாம். கடலைப் பார்த்தாலே எல்லோருக்கும் இந்த வாக்கியம்தான் வருகிறது.

2

அது மரக் கப்பல். இரும்பு நெருங்கினாலே வெடிக்கிற கண்ணிகள் உண்டு என்பதால் மரம். அண்ணன் இருட்டறையில் உட்கார்ந்து, சோனாரில் தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கண்ணியைக் கண்டுபிடிப்பார். டைவர் இறங்கிப் போய் அதைத் தகர்க்க வெடி வைப்பார். அந்த டைவரை அண்ணன் ஒரு விடுமுறையில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். "நான் கை காட்டுற இடத்துக்கெல்லாம் யோசிக்காம போறவன்மா" என்று அம்மாவிடம் அறிமுகப்படுத்தினார்.

(ஒருமுறை கை காட்டிய இடத்தில் கிடந்தது பழைய ஃபிரிட்ஜ். "உள்ள ஐஸ்கூட இல்லடா" என்று மேலே வந்து திட்டினாராம். அதைச் சொல்லிச் சிரித்த அன்றுதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கதைக்கு இது தேவையில்லை. எனக்குத் தேவை.)

3

நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அது நடந்தது. தானியக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் வர முடியாமல் வெளியே நின்றன. சேற்றில் பாதி புதைந்த கண்ணி ஒன்றை அண்ணன் கண்டுபிடித்தார்.

"நிச்சயமா?" என்றார் கேப்டன்.

"நிச்சயம் சார்."

என் கணவர் இறங்கினார். திரையில் கண்ணிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். திடீரென்று புள்ளி நின்றுவிட்டது. மேலே படகில் இருந்தவர்கள் அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள்; பதில் இல்லை. இன்னொரு டைவரை இறக்கினார்கள். கலங்கிய தண்ணீரில் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அண்ணன்தான் படகு வழியாக அவருக்குத் திசை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொன்னார், குரல் பிசகாமல். தங்கை புருஷனின் பிணத்தைத் தேடி ஆள் அனுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டே சொன்னார்.

என் கணவர் சாகவில்லை. கண்ணியில் சிக்கிக் கிடந்த மீன்வலையில் கால் மாட்டியிருந்தது. இழுத்தால் வெடிக்கும் என்று, கயிற்றைக்கூட அசைக்காமல் கல்லாக இருந்திருக்கிறார். வந்தவர் வலையை அறுத்து மீட்டார். மறுநாள் அந்தக் கண்ணியைத் தூரத்திலிருந்து வெடிக்கவைத்தார்கள். தானியக் கப்பல்கள் உள்ளே வந்தன.

[இவரைக் கதாநாயகனாக வைத்து எழுதுவது பெரும்பாடு. "வலை மாட்டுச்சு, அறுத்தாங்க, வந்தேன். இதுல என்ன கதை?" என்கிறார். அன்று அண்ணனை நாற்காலியிலிருந்து இரண்டு பேர் தூக்கிவிட்டதைக் கப்பல் சமையல்காரர்தான் எனக்குச் சொன்னார்.]

அண்ணன் அதன்பிறகு சோனார் முன்னால் உட்காரவே இல்லை. கரையில் ஸ்டோர் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். "நான் நம்பி இறங்க இனி ஆளில்ல" என்று இவர் ஒருநாள் முனகினார். கோபமா வருத்தமா, இன்றுவரை தெரியவில்லை.

4

விழா முடிந்து மூவரும் கப்பலைச் சுற்றிப் பார்த்தோம். டீசல் வாடையும் பெயிண்ட் வாடையும் அப்படியே இருந்தன. சோனார் அறை வாசலில் அண்ணன் நின்றுவிட்டார். இவர் உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மச்சான், இங்க வாங்க. அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?"

அண்ணன் தயங்கி வந்து அணைந்த திரையில் விரலை வைத்தார். "இங்க. அசையவே இல்ல."

"அசைஞ்சா வெடிச்சிருக்குமே."

"அது எனக்கு எப்படிடா தெரியும்?" என்று கத்தினார் அண்ணன்.

கல்யாணத்துக்குப் பிறகு இவரை மரியாதையாகவே கூப்பிட்டுவந்தவர். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

உள்ளே அவர்கள் அழுதார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். சிரித்தார்கள் என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். அவர்கள் வெளியே வந்தபோது இருவரும் முகத்தைத் துடைத்திருந்தார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஒருத்தருக்குத் தங்கை, இன்னொருத்தருக்கு மனைவி. நான் கதவைத் தட்ட முடியாது. இதைப் படிக்கிற நீங்கள் அந்நியர். உங்களுக்குத் திறந்தாலும் திறப்பார்கள்.