மேஜை மேல் ஒரு பலகை

போர்ட் பிளேரின் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஞானசெல்வி தற்காலிக ஆபரேட்டர். அவளுக்கு முன்னால் ஒரு பலகை. பத்து வரிசை, வரிசைக்குப் பத்து ஓட்டை, ஆக ஒன்றிலிருந்து நூறு வரை இணைப்பு. யாராவது ரிசீவரை எடுத்தால் அவருடைய ஓட்டைக்கு மேலே இருக்கும் சின்ன மூடி டக்கென்று விழும். ஒயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, மறுமுனையை அந்த நம்பரின் ஓட்டையில் செருக வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் அந்த ஊரில் நம்பர் சொன்னவர் யார்? கப்பல்துறைக்கு "ஹேடோ வார்ஃப் குடும்மா" என்பார்கள். "டாக்டர் சாப் கா கர் தோ" என்று டாக்டர் வீட்டை இந்தியில் கேட்பார்கள். நம்பர் ஆபரேட்டர் தலையில் இருக்க வேண்டும்.

வேலை நிரந்தரமாக வாய்மொழிப் பரீட்சை உண்டு. நாற்பது பெயருக்கு நம்பர் கேட்பார்கள், மூன்று தப்பு வரை மன்னிப்பு. அதற்கு மேல் போனால் அடுத்த கப்பலில் மெயின்லேண்டிலிருந்து வேறு ஆள். பட்டியலை ஞானசெல்வி இரண்டு மாதமாய் நெட்டுரு போடுகிறாள். பக்கத்து நாற்காலிக்காரி இந்திராணி பட்டியல் புத்தகத்தை மூடிக்கொண்டு கேட்டால் பாதி பெயருக்கு ஞானசெல்வி விழிப்பாள்.

"ரேஷன் ஆபீஸ்?"

"...இரு அக்கா."

"கப்பல் வந்துடும்டி, இரு இருன்னா."

அந்த நேரம் பார்த்து ஒரு மூடி விழுந்தது. யாரோ ரேஷன் ஆபீஸ்தான் கேட்டார்கள். ஞானசெல்வியின் கை மேலிருந்து ஏழாவது வரிசைக்குப் போய், நாலாவது ஓட்டையில் ஒயரைச் செருகிவிட்டது. யோசிக்கவே இல்லை.

"அறுபத்திநாலு," என்றாள் மெதுவாக.

இந்திராணி சிரித்தாள். "கைக்குத் தெரியுது, வாய்க்குத்தான் யாரும் சொல்லலை."

வீட்டுக்கு நடக்கும்போது ஞானசெல்வி அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எத்தனை தரம் வாசித்தாலும் ஏறாத பாடம், மணலில் விரலால் ஒரு தரம் எழுதினால் போதும். மண்டு என்று பெயர் வாங்கினாளே தவிர, தனக்கு எந்த வழியாகப் பாடம் உள்ளே போகிறதென்று அன்றைக்கு வரை அவள் பார்த்ததே இல்லை. நாமும்தான் எங்கே பார்க்கிறோம்?

அன்றோடு பட்டியலைத் தூக்கிப் போட்டாள். சோறு பொங்கும்போது சுவரில், ஜெபம் முடிந்ததும் பாயில், பலகை இருப்பதாக நினைத்து விரலால் ஓட்டை தேடினாள். அப்பா வியாகுலம் கேட்டார், "என்ன புள்ள, சுவத்துல கரப்பானா?"

பரீட்சை நடத்தியவர் சூப்பர்வைசர் பன்னீர்செல்வம், தஞ்சாவூர்க்காரர், கறார். முதல் ஆறும் சரி. ஏழாவதில் அவர் பேனாவை வைத்தார்.

"மேஜைக்கு அடியில கை என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல சார்."

"காட்டு."

காட்டினாள். உள்ளங்கையில் மை இல்லை, துண்டுச் சீட்டும் இல்லை.

"கையைக் கட்டிக்கிட்டு சொல்லு. பி.டபிள்யூ.டி. ஸ்டோர்?"

கையைக் கட்டினாள். எதுவும் வரவில்லை. அடுத்ததும் போயிற்று. இரண்டு தப்பு. இன்னும் ஒன்றுதான் தாங்கும்.

"சார், கையை மேஜை மேலயே வச்சுக்கறேன். நீங்க பார்த்துக்கிட்டே இருங்க. எனக்குப் பலகை கையிலதான் இருக்கு. கட்டிட்டா இருட்டாயிடுது."

"மத்தவங்க எல்லாம் வாயிலயே சொல்லலையா?"

"அவங்க அப்படிப் படிச்சவங்க சார். எனக்கு அது வரலை."

அவர் விதித்தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். வாயால் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது. கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"சரி, வை. ஆனா போன ரெண்டும் போனதுதான்."

வெறும் மேஜையில் அவள் விரல் மேலும் கீழும் போயிற்று. விரல் நின்ற இடத்தை எண்ணி வாய் நம்பர் சொல்லிற்று. முப்பத்தெட்டாவது பெயர் ஒரு மரக் காண்டிராக்டருடையது. விரல் அலைந்தது, நிற்கவில்லை. மூன்று தப்பு. கடைசி இரண்டையும் சரியாகச் சொன்னாள்.

பன்னீர்செல்வம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்தக் காண்டிராக்டர் நம்பரை நல்லாப் படிச்சுக்க," என்றார்.

"புது லைன் சார், நான் இன்னும் செருகினதில்ல," என்றாள் ஞானசெல்வி. "எத்தனாவது வரிசை?"

"ஒன்பதாவது. கடைசி ஓட்டை."

அவள் எழுந்து பலகைக்குப் போய், அந்த ஓட்டையில் மூன்று தரம் ஒயரைச் செருகி எடுத்தாள்.